மனை, நில விற்பனை முகவர்கள் தொடர்ந்து கற்க வேண்டியவை எவை? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மேலூர்ச் சாலை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒத்தக்கடை, மேலூர் சுற்றுவட்டாரத்தில் நான்கு ஆண்டுகளாக மனை, வீடு, தோட்ட நில விற்பனையில் முகவராக இருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு மூத்த தரகரிடம் தொழில் பழகினேன். பிறகு தனியாக வந்துவிட்டேன். பார்ட்டியிடம் எப்படிப் பேசுவது, இரு தரப்பையும் எப்போது ஒன்றாக உட்கார வைப்பது, அட்வான்ஸ் தொகையை எவ்வளவில் நிறுத்துவது ஆகியவற்றை அவரிடம் நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆவணங்களைப் பொறுத்தவரை, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதா என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

ஐந்து மாதங்களுக்கு முன் 62 சென்ட் தோட்ட நிலம் ஒன்றை விற்பதற்குப் பேசி முடித்தேன். மூன்று சகோதரர்கள் பெயரில் கூட்டுப் பட்டா இருந்தது. 30 ஆண்டு வில்லங்கச் சான்றில் எந்தப் பதிவும் இல்லை. வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னை நம்பி ஒப்பந்தம் எழுதி 3 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். கிரயத் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, திருமணமாகிச் சிவகங்கையில் வசிக்கும் அவர்களுடைய சகோதரியிடமிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. நிலம் அவர்களுடைய தந்தை சம்பாதித்து வாங்கியது என்பதும், அவர் 2008-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்பதும் அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அட்வான்ஸ் தொகையைத் திரும்பப் பெற்றுத் தருவதற்கு மூன்று மாதங்கள் ஆயின. ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த மூன்று மாதங்களும் அவர் வீட்டுப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்தத் தொழிலை முறையாகக் கற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். எதை முதலில் கற்பது, எங்கே கற்பது என்று தெரியவில்லை. ஓட்டல் அரங்குகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் இரண்டு நாள் பயிற்சிகளால் பயன் உண்டா? சட்டங்களும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன; அவற்றை நீங்கள் எப்படிப் பின்தொடர்கிறீர்கள்? ஆங்கிலத்தில் உள்ள சட்ட நூல்களைப் படித்துப் புரிந்துகொள்வது எனக்குக் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: காளப்பட்டி முகவர்

தம்பி, கோயம்புத்தூரில் 21 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் போன்ற ஒரு நிகழ்வு எனக்கும் ஆறாவது ஆண்டில் நேர்ந்தது. எனக்கு அப்போது கணக்கில் விடுபட்டவர் சகோதரி அல்லர், பாட்டி. தந்தை இறந்தால் மனைவியும் பிள்ளைகளும்தான் வாரிசுகள் என்று நினைத்திருந்தேன். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறக்கும்போது அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அந்தத் தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதை ஒரு வழக்கறிஞர் எனக்கு விளக்கிச் சொன்ன நாளில்தான், நான் இத்தனை ஆண்டுகள் எவ்வளவு மேலோட்டமாகத் தொழில் செய்திருக்கிறேன் என்பது உறைத்தது.

உங்கள் நிகழ்வையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சொத்துரிமை 2005-ல்தான் வந்தது என்று நம் தொழிலில் பலர் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. தந்தை தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளைப் பங்காளியாக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான மகள்கள் அதில் சேரவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய தேவை இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, உங்கள் நிலத்தில் அந்தச் சகோதரியின் உரிமைக்கு 2005 திருத்தமே தேவைப்படவில்லை. விற்பவரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: இந்த நிலம் உங்கள் தந்தைக்கு எப்படி வந்தது? அவர் இறந்தபோது குடும்பத்தில் யார் யார் இருந்தார்கள்? இவற்றைக் கேட்டு, வாரிசுச் சான்றையும் வாங்கிப் பார்த்திருந்தால், கிரயப் பத்திரத்தில் சகோதரியின் கையெழுத்தோ அதற்கு முன்பாகவே தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் எழுதிய ஒரு விடுதலைப் பத்திரமோ வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கு ஆகியவை அதில் வராமல் போகலாம். ஒருவர் இறந்து வாரிசுகளுக்குச் சொத்து இறங்கியதும் அதில் வராது. ஆகவே 30 ஆண்டுகளாக ஒரு பதிவும் இல்லை என்றால், அந்தக் காலத்தில் குடும்பத்துக்குள் என்ன நடந்தது என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும். நான் பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதல் பார்க்கிறேன், நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரை இட்டும் தேடுகிறேன். பெயர் எழுத்துக் கூட்டல் மாறியிருந்தால் வழக்கு தேடலில் அகப்படாது என்பதால் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம்.

கட்டணப் பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். நான் மூன்று பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஒன்றில் ஆவணங்களை வைத்து நாள் முழுவதும் பாடம் நடத்தினார்கள். கட்டணத்துக்குத் தகுந்த பயன் இருந்தது. மற்ற இரண்டும் உற்சாகப் பேச்சுகள்தாம். சேருவதற்கு முன், ஒரு முழுப் பத்திரக் கட்டை வைத்துப் பாடம் நடத்துவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பணத்தை, உங்கள் ஊரில் உரிமையியல் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞருக்குக் கட்டணமாகக் கொடுத்து, நீங்கள் முடித்த நான்கைந்து கிரயங்களின் கோப்புகளை அவரோடு உட்கார்ந்து தாய்ப்பத்திரம் எனப்படும் மூலப் பத்திரத்திலிருந்து படித்துப் பாருங்கள். நான் கற்றதில் பாதிக்கு மேல் அப்படிக் கற்றதுதான்.

பதில் 2: புலப்படம்

வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராகத் தொடங்கி நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். காளப்பட்டி அம்மா எழுதியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். வருவாய்ப் பதிவேடுகளைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் முகவர்கள் அதிகம் தடுமாறுவதை நான் பார்த்தது அங்கேதான்.

பட்டாவை மட்டும் வைத்து ஒருவரை உரிமையாளர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. நிலம் யாருடைய பெயரில் வருவாய்க் கணக்கில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. உரிமையின் மூலத்தைப் பத்திரங்களில்தான் தேட வேண்டும். பட்டாவோடு, கிராமத்தின் நில விவரங்கள் அடங்கிய அ பதிவேட்டின் நகலையும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும். இவை அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே தமிழில் கிடைக்கின்றன என்பதால் ஆங்கிலம் ஒரு தடையே இல்லை. அ பதிவேட்டில் நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்ற வகைப்பாடு இருக்கும். பழைய புல எண்ணும் இருக்கும். இந்தப் பழைய எண்ணைத்தான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுகிறார்கள். 1979-ல் தொடங்கி 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது நாம் யுடிஆர் என்று சொல்லும் பணியில், பல கிராமங்களில் புல எண்களும் உட்பிரிவுகளும் மாறின. புதிய எண்ணை மட்டும் கொடுத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால், பழைய எண்ணில் பதிவான அடமானமோ கிரயமோ கண்ணில் படாமலேயே போகலாம். இரண்டு எண்களுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் திட்டத்தில் பெயர்கள் தவறாக ஏறிய பட்டாக்களும் உண்டு. அவற்றைத் திருத்துவதற்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுச் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். ஒப்பந்தத்தில் கால அவகாசம் குறிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அளவுகளையும் கைவிரல் நுனியில் வைத்திருங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கும். வாங்குபவர் சதுர அடியில் கேட்பார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர், ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. உங்கள் 62 சென்ட் நிலம் பட்டாவில் சுமார் 25 ஏர் என்று இருந்திருக்கும். இந்தக் கணக்கைப் பார்ட்டியின் முன்னால் தயங்காமல் போட்டுக் காட்ட முடியாத முகவரை நான் நம்புவதில்லை. புலப்படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், அதில் உள்ள பக்க நீளங்களை நிலத்திலேயே டேப் பிடித்துப் பாருங்கள். முதல் பத்து முறை குழப்பமாக இருக்கும். நில அளவர் அளக்க வரும் நாள்களில் கூடவே நின்று பார்த்தால், எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தெளிவு வரும்.

பஞ்சமி நிலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒப்படை செய்த அந்த நிலங்களை முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இன்றைக்கு வேறு பெயரில் பட்டா இருக்கிறது என்பதற்காக அந்த நிபந்தனை மறைந்துவிடாது. இது வாங்குபவரின் பணத்தைப் பற்றிய கவலை மட்டும் இல்லை. நிலத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. ஐயம் எழுந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் வாங்க விடாதீர்கள். கோயில் நிலங்களுக்கும் இதே கவனம் தேவை. அறநிலையத் துறையின் ஆணையர் அனுமதி இல்லாமல் அவற்றை விற்க முடியாது.

பதில் 3: தாம்பரம் பக்கம்

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்பு வைத்தே மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். பத்திரங்களை ஆராய்ந்து கருத்துச் சொல்வது வழக்கறிஞரின் வேலை. நாம் அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினால், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று உறுதி கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு முகவர் அப்படிச் சொல்லிவிட்டு, பிறகு வாங்கியவரோடு காவல் நிலையம் வரை போக வேண்டியதாயிற்று. முகவர் முதலில் கற்க வேண்டியது வாடிக்கையாளருடைய தேவையைக் காதுகொடுத்துக் கேட்பதையும், அந்தத் தெருவில் கடந்த ஆறு மாதங்களில் நடந்த உண்மையான விலைகளைச் சேகரிப்பதையும், வங்கிக் கடன் நடைமுறையையும், வீட்டை ஒழுங்காகப் படமெடுத்துக் காட்டுவதையும்தான் என்பது என் கருத்து. இவற்றில் நாம் பின்தங்கியதால்தான் வாடிக்கையாளர்கள் நம்மை விட்டு இணையதளங்களுக்குப் போகிறார்கள்.

பதில் 4: நவி மும்பைத் தமிழன்

கட்டாயப் பயிற்சி எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோருக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் முகவர் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறதே தவிர, தேர்வு எழுத வேண்டும் என்று இல்லை. மகாராஷ்டிர ஆணையம் 2023-ல் அதைக் கொண்டுவந்தது. 20 மணி நேரப் பயிற்சி, பிறகு வங்கிப் பணித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் தேர்வு, அதில் தேறியவருக்குத் தகுதிச் சான்றிதழ் என்பது ஏற்பாடு. 2024 ஜனவரி 1 முதல் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இங்கே முகவராகப் பதிவு செய்யவோ புதுப்பிக்கவோ முடியாது. தொடக்கத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் படித்தபோது, நான் பத்து ஆண்டுகளாகச் சதுர அடி என்று சொல்லி விற்றதில் தரைவிரிப்புப் பரப்பு (கார்பெட் ஏரியா) எது, கட்டுமானப் பரப்பு (பில்ட்-அப் ஏரியா) எது என்பதைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாதவனாக இருந்தேன் என்று புரிந்தது. சட்டம் தரைவிரிப்புப் பரப்புக்குத் தெளிவான வரையறை தருகிறது.

சட்டத்தின் 9, 10, 13 ஆகிய பிரிவுகளை மட்டுமாவது யாரையாவது கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் ஆணையத்தில் பதிவாக வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்க முகவர் துணைபோகக் கூடாது. கணக்குகளை முறையாக வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் கட்டுநர் 10 விழுக்காட்டுக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. முகவர் தன் கடமையை மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை அல்லது வீட்டின் விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் உண்டு.

பதில் 5: காளப்பட்டி முகவர்

தாம்பரம் நண்பருக்கு: நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மையானது. நானும் எந்த வாடிக்கையாளருக்கும் உரிமை குறித்துக் கருத்துச் சொல்வதில்லை. வழக்கறிஞர் கருத்தை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். ஆனால் வழக்கறிஞரிடம் எதைக் கொண்டு போவது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். மூன்று சகோதரர்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்று சொல்லிக் கோப்பைக் கொடுத்தால், அவர் அந்த மூவரை வைத்தே கருத்துத் தருவார். சகோதரி ஒருவர் இருக்கிறார் என்பது ஊரில் தேநீர்க் கடையில் தெரிந்த செய்தி. அது வழக்கறிஞரின் மேசைக்குத் தானாக வராது. அதைக் கொண்டு சேர்ப்பது நம் வேலை, அதைக் கேட்கத் தெரிவதற்குத்தான் இந்தப் படிப்பெல்லாம். தெரு விலைகளைச் சேகரிப்பது பற்றி நீங்கள் எழுதியதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

மாற்றங்களைப் பின்தொடர்வது குறித்துத் தம்பி கேட்டதற்கு இப்போது வருகிறேன். நான் ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்தையும், அது நடைமுறைக்கு வந்த தேதியோடு, ஒரு பக்கத்தில் எழுதுகிறேன். 2017 ஜூனில், நிலத்துக்கு அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆனது. 2023-ல் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டு, கட்டணம் 2 ஆனது. ஆக முத்திரைத் தீர்வையும் சேர்த்து 11 விழுக்காடாக இருந்த கிரயச் செலவு 9 ஆனது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. சிறு மனை வாங்க வரும் குடும்பங்களுக்கு இதை நான் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மனைவி பெயரில் வாங்கலாமா என்ற பேச்சு அங்கேயே தொடங்குகிறது, அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் அதே நோட்டில் தனிப் பகுதி உண்டு. மூல ஆவணம் காட்டாவிட்டால் சார் பதிவாளர் பதிவை மறுக்கலாம் என்று இங்கே ஒரு விதி இருந்தது; 55ஏ என்ற அந்த விதியின் முதல் உட்பிரிவு செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை எழுதி வைத்தபோது அடியில் சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தேன்: பதிவு நடந்துவிட்டது என்பதால் விற்றவருக்கு உரிமை இருந்தது என்று பொருள் இல்லை. அந்த வரியை என் அலுவலகத்தில் வேலை பழகும் இரண்டு பெண்களையும் படிக்கச் சொன்னேன்.

வருமான வரியும் கற்க வேண்டியதே. 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டையோ மனையையோ வாங்குபவர் 1 விழுக்காடு வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதை இன்னும் பலர் கிரயத்துக்குப் பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் கணக்கே வேறு. அப்போது கணக்குத் தணிக்கையாளரிடம் அனுப்பாமல் நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அட்வான்ஸைக் கையில் ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவதும் சட்டப்படி தவறு என்பதை விற்பவரிடம் பொறுமையாக விளக்குங்கள். விற்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சில வியாபாரம் கைவிட்டும் போகும். போகட்டும்.

கேள்வி கேட்டவர்: மேலூர்ச் சாலை

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. பாட்டியும் வாரிசு என்பதை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. புலப்படம் ஐயா சொன்னதைப் படித்த அன்றிரவே, இப்போது பேச்சில் இருக்கும் மூன்று நிலங்களின் அ பதிவேட்டு நகல்களை எடுத்தேன். யா. ஒத்தக்கடை அருகே 11 சென்ட் மனை ஒன்றுக்குப் பழைய புல எண் வேறாக இருக்கிறது. நான் புதிய எண்ணுக்கு மட்டுமே வில்லங்கம் பார்த்திருந்தேன். பழைய எண்ணுக்குப் போட்டதில் 1983-ல் பதிவான ஓர் அடமானம் தெரிகிறது. அதைத் தீர்த்ததற்கான ரசீது எதுவும் அதற்குப் பிந்தைய பதிவுகளில் இல்லை. அட்வான்ஸ் வாங்குவதாக இருந்த வியாழக்கிழமையைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன். விற்பவர் திங்கட்கிழமை தன் அப்பாவின் பழைய பெட்டியைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ரசீது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இரண்டு வில்லங்கச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு அன்று மாலையே வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன்.